ஓடாத காரின் பற்றரி ஏன் வருடத்துக்கு ஒன்று முடிகிறது?

கேள்வி: தம்பி, நான் விசுவமடுவில் இருக்கிற ஓய்வுபெற்ற தபால் அதிபர். இரண்டு வருடத்துக்கு முதல் மகன் கனடாவிலிருந்து வந்து நின்றபோது எங்களுக்கு ஒரு மாருதி ஓல்டோ வாங்கித் தந்துவிட்டுப் போனான். பெரிய திரை வைத்த றேடியோ, முன்கண்ணாடியில் கமரா, கார் எங்கே நிற்கிறதென்று அங்கிருந்தே பார்க்க ஒரு ஜீபிஎஸ் கருவி எல்லாம் பூட்டித் தந்தான். மாதத்தில் ஒருநாள் கிளினிக்குக்காகக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போவோம், இடைக்கிடை கோயிலுக்கு. மற்றபடி கொட்டிலுக்குள்தான் நிற்கிறது. பற்றரி இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெடியன் பின்னேரங்களில் வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டுப் போகிறான். அப்படியிருந்தும் இரண்டாவது பற்றரியும் படுத்துவிட்டது. போன கிளினிக் நாளில் உழவு இயந்திரத்திலிருந்து வயர் கொடுத்துத்தான் வெளிக்கிட்டோம். ஓடாத காருக்கு வருடத்துக்கு ஒரு பற்றரி மாற்றத்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா? சோலார் தகடு ஒன்று பூட்டினால் சரிவருமா? அவசரத்துக்கு மணல் லொறியிலிருந்து வயர் எடுக்கலாமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் ஆபத்து இருப்பது அதில்தான். மணல் லொறியிலிருந்து எடுக்க வேண்டாம். பெரிய லொறிகளிலும் பஸ்களிலும் பெரும்பாலும் 12 வோல்ற் பற்றரி இரண்டைத் தொடராகப் பூட்டி 24 வோல்ற்றில் ஓட்டுவார்கள். அதை உங்கள் காருக்குக் கொடுத்தால் கொம்பியூட்டர் பெட்டி, றேடியோ, மீற்றர் என்று எதெது கருகும் என்று சொல்ல முடியாது, பற்றரி வெடிக்கவும் கூடும். உழவு இயந்திரம் பரவாயில்லை, அனேகமாக எல்லாம் 12 வோல்ற்தான். ஒரேயொரு கவனம்: பழைய இங்கிலாந்து மெசின்கள் சிலவற்றில், அந்தக் காலத்து மொறிஸ் மைனர் கார்களைப் போல, பொசிற்றிவ் பக்கத்தைத்தான் பொடியோடு, அதாவது வாகனத்தின் இரும்பு உடலோடு, பூட்டியிருப்பார்கள். ஆகவே "பொடியில் பூட்டியிருப்பது நெகற்றிவ்தானே" என்று நம்பாமல் பற்றரியின் மேல் பொறித்திருக்கிற + − அடையாளத்தைப் பார்த்துப் பூட்டுங்கள், இரண்டு வாகனமும் ஒன்றோடொன்று முட்டாமல் நிற்கட்டும். சிவப்பு வயர் முதலில் செத்த பற்றரியின் + இல், மறுமுனை நல்ல பற்றரியின் + இல். கறுப்பு நல்ல பற்றரியின் − இல், அதன் மறுமுனை உங்கள் காரின் எஞ்சினில் பெயின்ற் இல்லாத இரும்பில், பற்றரியை விட்டுச் சற்றுத் தள்ளி. ஏன் தள்ளி என்றால், கடைசியாகப் பூட்டும்போது பொறி பறக்கும், பற்றரிக்கு மேலே ஹைதரசன் வாயு நிற்கக்கூடும்.

சரி, இனிப் பற்றரிக்கு வருவோம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. நிற்கிற காரின் பற்றரி ஓடுகிற காரின் பற்றரியைவிடக் கெதியாகப் பழுதாகும், அது சரி. ஆனால் வருடத்துக்கு ஒன்று என்று ஒரு விதியும் இல்லை. எங்கள் வெக்கையிலும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட பற்றரி மூன்று வருடம் தாராளமாக வரும். உங்களுடையது வருடத்தில் முடிகிறதென்றால் அது வயது போய்ப் பழுதாகவில்லை, சார்ஜ் பாதி இறங்கின நிலையிலேயே மாதக்கணக்காகக் கிடந்து பழுதாகியிருக்கிறது.

பற்றரிக்குள் இருக்கிற ஈயத் தகடுகளில், சார்ஜ் இறங்க இறங்க, ஈய சல்பேற்று படியும். அது பழுது இல்லை, பற்றரி வேலை செய்கிற விதமே அதுதான். உடனே திரும்பச் சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். கிழமைக்கணக்கில் அப்படியே விட்டால்தான் பிரச்சினை. படிந்தது பெரிய பளிங்குகளாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் முழுதாகக் கரையாது, இறுகிய அளவுக்குத் தகட்டில் வேலை செய்கிற இடம் குறைந்துபோகும். பெற்றோல் ராங்கில் பாதி இருந்தால் போதுமென்று விடுவது போலப் பற்றரியை விட முடியாது. அது எப்போதும் நிரம்பி நிற்க வேண்டிய சாமான். வெக்கை இதை இன்னும் கெடுக்கும்: ஒன்றுமே பூட்டாமல் தனியே வைத்த பற்றரியும் தானாக மெல்ல இறங்கும், வெப்பம் 10 பாகை கூடினால் அந்த இறக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பங்குனி சித்திரையில் தகரக் கொட்டிலுக்குள் நிற்கிற காரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பெடியனின் பத்து நிமிடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன். அவனில் பிழை இல்லை, எல்லோரும் சொல்கிற வைத்தியம்தான் அது. ஸ்டார்ட் எடுக்கிற அந்த இரண்டு மூன்று விநாடியில் 100 அம்பியருக்கு மேலே இழுத்தாலும் கணக்குப் பார்த்தால் செலவு சிறியது, கிட்டத்தட்ட 0.1 அம்பியர் மணி (ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் போனால் ஒரு அம்பியர் மணி). எஞ்சின் சும்மா நிற்கிற வேகத்தில், எஞ்சினோடு சுற்றிப் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்டனேற்றர் அதைச் சில நிமிடத்தில் திருப்பித் தந்துவிடும், வேறொன்றும் போடாமல் இருந்தால். ஆனால் அந்த வேகத்தில் அது தருவதே கொஞ்சம், அதில் ஏசி, ஏசிக் காற்றாடி, எஞ்சின் காற்றாடி, றேடியோ, லைற் எல்லாம் பங்கு கேட்டால் பற்றரிக்கு மிஞ்சுவது அற்பம். (ஏசியைப் போட்டுப் பாட்டுக் கேட்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பெடியன்களை எனக்குத் தெரியும்.) ஆக, அன்றன்றைய ஸ்டார்ட்டுக்கான செலவு வந்து சேரும், நாள் முழுக்க வேறு வழியில் இறங்கியது சேராது. பற்றரி பாதியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும், உள்ளே சல்பேற்று இறுகும், வெளியே பார்த்தால் கார் தினமும் ஸ்டார்ட் ஆகிறது, எல்லாம் சரி என்று நினைப்பீர்கள். அதோடு எஞ்சினுக்கும் நல்லதில்லை: முழுதாகச் சூடேற முன்னரே நிற்பாட்டினால் எரிந்து வந்த நீராவி சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தண்ணீராக நின்றுவிடும், சைலன்சர் உள்ளிருந்து கறள் பிடிக்கும்.

பத்து நிமிடம் தினமும் என்பதை விட்டுவிட்டு, கிழமைக்கு ஒருதரம் முக்கால் மணித்தியாலம் ஓட விடுங்கள். விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்திக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினால் எஞ்சினும் நன்றாகச் சூடேறும், ரயரும் ஒரே இடத்தில் அமுங்கி நிற்காது, பிரேக்கும் இறுகி ஒட்டிக்கொள்ளாது. பெடியனிடம் லைசென்ஸ் இருந்தால் அவனையே அனுப்பலாம்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: ஓட்டம் இறங்காத பற்றரியை இறங்காமல் வைத்திருக்கும், நன்றாக இறங்கின பற்றரியை நிரப்பாது. பற்றரி முக்கால்வாசி வரை விரைவாக வாங்கும், கடைசிக் கால்வாசியை மிக மெதுவாகத்தான் வாங்கும், அதற்கு மணித்தியாலங்கள் வேண்டும். உழவு இயந்திரத்தில் வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணிக் கிளிநொச்சிக்குப் போய் வந்த அன்று உங்கள் பற்றரி நிரம்பியிருக்காது. செத்த பற்றரியை ஓல்டனேற்றராலேயே நிரப்பப் பார்ப்பது ஓல்டனேற்றருக்கும் பாரம். அன்று பின்னேரமே சார்ஜரில் போட்டிருக்க வேண்டும்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான சந்தேகம் எங்கே என்றால், மகன் பூட்டித் தந்த சாமான்களில். திறப்பை எடுத்துக் கதவைப் பூட்டின பிறகும் எந்தக் காரும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும், மணிக்கூடு, அலாரம், கொம்பியூட்டரின் ஞாபகம் எல்லாத்துக்கும் சேர்த்து 20 இலிருந்து 50 மில்லி அம்பியர் வரை இருக்கலாம். கொஞ்சம்தானே என்று தோன்றும். 50 மில்லி அம்பியர் ஒரு நாளில் 1.2 அம்பியர் மணி, முப்பது நாளில் 36. ஓல்டோவில் வருகிற பற்றரியே 35 அம்பியர் மணிதான்! அதாவது ஒரு பழுதும் இல்லாத கார் ஒரு மாதம் நின்றாலே பற்றரி வெறுமை, அரைவாசி இறங்கினதுமே ஸ்டார்ட் எடுக்க மல்லுக்கட்டும். இதற்கு மேலே ஜீபிஎஸ் கருவி இரவு பகலாக விழித்திருக்கிறது. கமராவை நிற்கும்போதும் பதிகிற மாதிரிப் பூட்டியிருந்தால் அது தனி. பெரிய திரை றேடியோவில் நான் அடிக்கடி காண்கிற பிழை ஒன்று: மஞ்சள் வயர் எப்போதும் மின் வருகிற இடத்துக்கும், சிவப்பு வயர் திறப்பைத் திருப்பினால் மட்டும் வருகிற இடத்துக்கும் போக வேண்டும்; அவசரத்தில் பூட்டுகிறவர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கி எப்போதும் வருகிற வயரில் கொடுத்துவிடுவார்கள். பிறகு திரை அணைந்திருந்தாலும் பெட்டி உள்ளே தூங்காது. 200 மில்லி அம்பியர் அப்படிப் போனால் நாளுக்கு 4.8, ஒரு கிழமையில் உங்கள் பற்றரி முடிந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெசின் ஒன்றும் தேவையில்லை, வோல்ற்றும் அம்பியரும் அளக்கிற ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும். பொனற்றைத் திறந்து வையுங்கள், திறப்பை எடுத்துக் காரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் வையுங்கள், கதவைச் சாத்துங்கள். 10ஆம் நம்பர் ஸ்பனரால் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். மீற்றரின் சிவப்பு ஊசியை 10 அம்பியர் என்று எழுதின துளைக்கு மாற்றி, ஒரு ஊசியைக் கழற்றின வயரிலும் மற்றதைப் பற்றரியின் − முனையிலும் பிடித்தால் போகிற மின் முழுவதும் மீற்றருக்குள்ளால் போகும். முதலில் எண் பெரிதாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம், பெட்டிகள் எல்லாம் விழித்தெழுந்து திரும்பத் தூங்க அரை மணித்தியாலம் வரை எடுக்கும். அதற்கிடையில் ஊசி விலகினால் எல்லாம் திரும்ப விழிக்கும், ஆகவே கையால் பிடிக்காமல் முதலைக் கிளிப்பால் கவ்வி விடுவது நல்லது. மீற்றர் பூட்டியிருக்கும்போது ஒருவரும் திறப்பைத் திருப்பக் கூடாது, மீற்றரின் பியூஸ் அந்த நிமிடமே போய்விடும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகும் 0.05 அம்பியரை, அதாவது 50 மில்லி அம்பியரை, விடக் கூடவாக நிற்கிறதென்றால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்தப் பாதையில்தான் களவு. றேடியோ பியூஸில் விழும் என்று நினைக்கிறேன். பெடியனுக்கு இது நல்ல வேலை, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதைவிட.

களவைப் பிடித்த பிறகும் மாதத்தில் ஒருநாள் மட்டும் ஓடுகிற காருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செலவே இல்லாதது: வந்து நிறுத்தியதும் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிடுவது. கையால் திருகி விடுகிற முனை ஒன்று கடைகளில் வாங்கலாம், அதைப் பூட்டினால் ஒவ்வொரு முறையும் ஸ்பனர் தேட வேண்டியதில்லை. எப்போதும் நெகற்றிவ் முதலில் கழற்ற வேண்டும், கடைசியாகப் பூட்ட வேண்டும். பொசிற்றிவ்வில் ஸ்பனர் வைத்திருக்கும்போது அது பொடியில் தட்டினால் பொறி பறக்கும், மோதிரம் போட்ட விரலென்றால் விரலும் போகும். கழற்றினால் மணிக்கூடும் றேடியோவில் சேமித்த நிலையங்களும் அழியும். பின் கதவு, பெட்டிக் கதவு எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள், ரிமோற் வேலை செய்யாது. ஜீபிஎஸ் கருவிக்குள் சின்னப் பற்றரி இருந்தால் மின் துண்டிக்கப்பட்டது என்று மகனுக்குச் செய்தி போகும், காரை யாரோ களவெடுக்கிறார்கள் என்று அவர் நடுச்சாமத்தில் எழும்பி உங்களுக்கு அடிப்பார், ஆகவே முதலே சொல்லி வையுங்கள். கழற்றி வைத்தாலும் தானாக இறங்குவது நிற்காது என்பதால் மாதம் ஒருதரம் சார்ஜ் பண்ண வேண்டும்.

மற்றது, நான் உங்களுக்குச் சொல்வது, தானியங்கிச் சார்ஜர். உங்கள் பற்றரிக்கு 4 அம்பியர் சார்ஜர் போதும். கடைக்காரர் 20 அம்பியர் பெட்டியைத் தருவார், வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதி இறங்கினதை ஓர் இரவில் நிரப்பும், நிரம்பினதும் தானாக 13.5 வோல்ற் அளவுக்குக் குறைந்து காத்துக்கொண்டு நிற்கும். பழைய கராஜ்களில் இருக்கிற தடித்த இரும்புப் பெட்டிச் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது, இரவு முழுக்க விட்டால் பற்றரியைக் கொதிக்க வைத்துத் தண்ணீரை வற்ற வைத்துவிடும், அதை வாங்க வேண்டாம். கிளிப்பைப் பூட்டின பிறகு சுவிச்சைப் போடுங்கள், கழற்ற முன் சுவிச்சை நிறுத்துங்கள். கரண்ட் போய் வந்த பிறகு சில சார்ஜர்கள் தானாகத் தொடங்காது, ஒருமுறை எட்டிப் பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சோலார் நல்ல யோசனைதான், கொட்டிலுக்குக் கரண்ட் இல்லாவிட்டால். 10 வாற் தகடு எங்கள் வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டரை அம்பியர் மணி அளவில் தரும், 50 மில்லி அம்பியர் இழுக்கிற காருக்கு அது போதும், மிச்சமும் வரும். ஆனால் 200 இழுத்தால் போதாது, அதனால்தான் முதலில் அளக்கச் சொல்கிறேன். தகட்டைக் கொட்டிலின் கூரையில் வையுங்கள், காரின் கண்ணாடிக்குள் வைத்தால் பாதிகூடத் தராது. நடுவில், பற்றரிக்குப் போகிற சார்ஜை அளவோடு வைக்கிற ஒரு சின்னக் கொன்றோலர் பூட்ட வேண்டும். சிகரெற் துளையில் செருகுகிற வகையை வாங்கி ஏமாற வேண்டாம், கன கார்களில் திறப்பை எடுத்ததும் அந்தத் துளைக்கு மின் போகாது, நேரே பற்றரியில் பூட்டுங்கள். கார்த்திகை மார்கழி மழையில் நாட்கணக்கில் வெயில் இருக்காது, அந்த இரண்டு மாதமும் இடைக்கிடை மீற்றரை வைத்துப் பாருங்கள்.

மீற்றரில் என்ன பார்ப்பது? சிவப்பு ஊசியை 10 அம்பியர் துளையிலிருந்து வோல்ற் துளைக்குத் திரும்ப மாற்றிவிட்டு வோல்ற்றைத்தான் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற கார், காலையில் ஸ்டார்ட் பண்ண முன்: 12.6 வோல்ற்றுக்கு மேலே என்றால் நிறைவு. 12.4 என்றால் கால்வாசி போய்விட்டது, அன்றே சார்ஜ் பண்ணுங்கள். 12.2 அரைவாசி, 12க்குக் கீழே என்றால் அநேகமாக வெறுமை. ஓடிவந்த கையோடு அளந்தால் பொய்யாகக் கூட்டிக் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 க்கும் 14.4 க்கும் இடையில் இருந்தால் ஓல்டனேற்றர் சுகம். அது வேலை செய்கிறதா என்று பார்க்க எஞ்சின் ஓட ஓடப் பற்றரி வயரைக் கழற்றிக் காட்டுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், பழைய டீசல் மெசினில் செய்து பழகினது. உங்கள் காரில் அதைச் செய்ய விட வேண்டாம், அந்த நொடியில் எகிறுகிற வோல்ற் கொம்பியூட்டரை எரித்துவிடும்.

இப்போது படுத்திருக்கிற பற்றரியை எழுப்பலாமா என்றும் கேட்பீர்கள். ஒரு முழு இரவு சார்ஜ் பண்ணி, சில மணித்தியாலம் ஆற விட்டு, மீற்றரைப் பற்றரியில் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றும்போது 10க்கு மேலே நின்றால் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும், 9.6 க்குக் கீழே விழுந்தால் அதில் இனிக் காசு செலவழிக்க வேண்டாம். தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த நேரம், பற்றரி வன்னிக்குள் வரக்கூடாத சாமான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள், காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், எந்தச் சாமானையும் எறியாமல் திருத்தினார்கள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் "அசிட்டை மாற்றி எழுப்பித் தாறேன்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பழைய பற்றரியின் மேல்மூடி தாரால் ஒட்டினது, உருக்கிக் கழற்றித் தகடு மாற்றலாம். இப்போது வருவது பிளாஸ்ரிக்கை உருக்கியே மூடினது, புது அசிட் விட்டாலும் இறுகின தகடு திரும்பாது. மூடி திறக்கிற வகையென்றால் மேற்கோடு வரை டிஸ்ரில்ட் வோட்டர் மட்டும் விடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, அதை விடவே கூடாது. முனைகளில் வெள்ளையாக, நீலமாகப் பூத்திருந்தால் அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால், துளைகளுக்குள் போகாமல், கழுவித் துடைத்து இறுக்கிப் பூட்டி வஸ்லீன் பூசுங்கள்.

புதிது வாங்கும்போது பற்றரியில் அடித்திருக்கிற உற்பத்தித் திகதியைப் பாருங்கள், கடைத் தட்டில் மாதக்கணக்கில் நின்றதும் உங்கள் கொட்டிலில் நின்றதும் ஒன்றுதான். மீற்றரைக் கொண்டுபோய்க் கடையிலேயே அளந்து 12.5 க்குக் குறைந்தால் வேறொன்று கேளுங்கள். உத்தரவாத அட்டையில் திகதி போட்டு முத்திரை வாங்குங்கள், பழையதைக் கொடுத்து விலையில் கழிக்கவும் சொல்லுங்கள், ஈயத்துக்கு விலை இருக்கிறது.

ஆனால் அளக்க முதல் வாங்க வேண்டாம் ஐயா. கதவு பூட்டி அரை மணித்தியாலத்துக்குப் பிறகு மீற்றர் என்ன காட்டுகிறதென்று எனக்கு எழுதுங்கள். முழுதாக இறங்கின பற்றரியில் மீற்றர் சரியாக அளக்காது, முதல் நாள் சார்ஜ் ஏற்றிவிட்டு அளக்க வேண்டும். 50 மில்லி அம்பியருக்குக் கீழே என்றால் புதுப் பற்றரியும் சார்ஜரும் வாங்குங்கள். மேலே என்றால் றேடியோக்காரரைக் கூப்பிட்டு அந்த மஞ்சள், சிவப்பு வயர்களைப் பிரித்துப் பூட்டச் சொல்லிவிட்டு, திரும்ப அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.